ஆத்திரமா, ஆதிக்கமா?

தண்டையார்பேட்டைப் படிப்பகத்தில் சென்ற வாரம் தோழர்கள் கூடியிருந்தபோது இளைஞர் ஒருவர் கேட்டார்: "வீட்டிலே குடத்தைத் திருடியவனுக்கு எத்தனை ஆண்டு? அதே வீட்டிலே மனைவியை வதைத்தவனுக்கு எத்தனை ஆண்டு?"

சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். குடியிருக்கும் வீட்டில் திருடினால் ஏழாண்டு வரை சிறை. மனைவியைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை. 1983-இல் 498-ஏ பிரிவாகப் பிறந்த இந்த மூன்றாண்டு, 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவாயிற்று. எண் மாறிற்று, அளவு மாறவில்லை. குடத்துக்கு ஏழு, குலமகளுக்கு மூன்று! பெண்ணைத் தெய்வமென்று போற்றும் பூமியாம் இது!

அளவாவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சலுகை ஒன்று உண்டு. மனைவியைக் கொன்றவன், "திடீரென்று கடுமையாகத் தூண்டப்பட்டேன், அறிவிழந்தேன்" என்று காட்டிவிட்டால், கொலை என்ற பெயரே மறைந்துவிடும். தூக்கு அல்லது ஆயுள் என்றிருந்த தண்டனை, பத்தாண்டுக்குள் அடங்கிவிடவும் கூடும். வெள்ளையன் எழுதி வைத்த விதிவிலக்கு இது. ஆயினும் இதை வெட்டிச் செதுக்கி வளர்த்ததில் நம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1881-இல் போயா முனிகாடு வழக்கு. மனைவியை அவளுடைய காதலனோடு கண்டவன், மறுநாள் இருவரும் சேர்ந்து உண்ணக் கண்டு, அரிவாளால் அந்த ஆடவனைக் கொன்றான். இரவு கடந்திருந்தும் அவனுக்குச் சலுகை கிட்டியது. 1957-இல் முருகையன் வழக்கு. மனைவி பிறனோடு உறவு கொண்டாள், கண்டித்த கணவன் முகத்துக்கெதிரே, அப்படித்தான் இருப்பேன் என்றாள், வசை பொழிந்தாள். கொன்றவனுக்கு விதிவிலக்கு உண்டென்றது நீதிமன்றம். 1961-இல் கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விரு தீர்ப்புகளையும் எடுத்தாண்டது. சொல்லும் சைகையும் கூடத் தூண்டுதலாகலாம், முன் நடந்தவற்றையும் பார்க்கலாம் என்று நெறி வகுத்தது. மூன்று மணி நேரம் கடந்ததால் நானாவதிக்கு மட்டும் சலுகை இல்லையென்றது. நெறி நிலைத்துவிட்டது.

நாம் கேட்கிறோம்: ஆத்திரம் அறிவை மறைக்கிறதென்றால், ஆளைப் பார்த்தா மறைக்கும்? துறைமுக வாயிலில் மேஸ்திரி தாயைப் பழித்துத் திட்டுகிறான். கண்டிராக்டர் கூலியில் கை வைக்கிறான். கைகட்டி நிற்கிறான் நம் தொழிலாளி, அரிவாளைத் தேடவில்லை. ஏன்? அடித்தால் வேலை போகும், போலீஸ் வரும் என்று அவன் அறிவு அங்கே விழித்திருக்கிறது. மாலையில் வீட்டுப் படியேறியதும், குழம்பில் உப்பில்லை என்றதும், உறங்கிவிடுகிறதா அந்த அறிவு? இடம் பார்த்து வருவதும், எளியவளைப் பார்த்துப் பாய்வதும் ஆத்திரமன்று; ஆதிக்கம். (குடிசையில்தான் இது என்று எண்ணிவிட வேண்டாம். மாடி வீட்டில் கதவு கனமானது, அலறல் தெருவுக்கு வருவதில்லை, அவ்வளவே.)

இந்த ஆதிக்கத்துக்கு வேர் எது? தவறு செய்த மனைவியைக் கயிற்றாலோ மூங்கிற் பிளாச்சாலோ அடிக்கலாம், முதுகில் அடி, தலையில் அடிக்காதே என்று அளவு சொல்லிக் கொடுத்த மனுவின் எட்டாம் அத்தியாயத்தைத் தோழர்கள் படித்துப் பார்க்கட்டும். அடிமையும் மனைவியும் அங்கே ஒரே வரிசை. கற்பை ஒருத்தியின் கழுத்தில் மட்டும் கட்டி, காவற்காரனாகக் கணவனை நிறுத்தினால், காவல் கெட்டதென்று அவன் வெட்டுவதும் நியாயமாகத்தானே தோன்றும்!

2018 செப்டம்பர் 27 அன்று, பிறன்மனை விழைவைக் குற்றமாக்கிய 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றமே செல்லாதாக்கிற்று. மனைவி கணவனின் உடைமையல்லள் என்றது. உடைமையல்லளெனில், அவள் வேறொருவனை விரும்பியது கொலைக்குத் தள்ளுபடி ஆவது எப்படி? நமக்கு இந்தச் சட்டத்தைத் தந்த இங்கிலாந்தே, 2009-இல் இயற்றி 2010 அக்டோபரில் நடைமுறைக்குக் கொணர்ந்த சட்டத்தால் பழைய தூண்டுதல் வாதத்தை ஒழித்தது; துணையின் ஒழுக்க மீறல் தன்னளவில் கணக்கில் வராது என்று எழுதி வைத்தது. அடிமைச் சின்னத்தை அகற்றினோம் என்று முழங்கி 2023-இல் புதுச் சட்டம் செய்தவர்களோ, 101-ஆம் பிரிவில் அந்த விதிவிலக்கைப் பொன்போல் போற்றி வைத்துள்ளனர்!

தூக்குக் கயிறு கேட்கவில்லை நாம். அளவுகோல் ஒன்றாயிருக்கட்டும் என்கிறோம். ஆண்டுக்கணக்கில் அடிபட்டவளுக்கு 'திடீர்' என்பதே கிடையாது. அவள் நெஞ்சு சிறுகச் சிறுக வேகிறது. ஒரு நாள் முறிகிறது. இதை உணர்ந்த தீர்ப்பும் அதே சென்னை உயர்நீதிமன்றத்தில் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். 1989-இல் சுயம்புக்கனி வழக்கு. வீட்டுக் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் வீழ்ந்து, தான் பிழைத்து, பிள்ளைச் சாவுக்குக் கொலைக் குற்றவாளியாய் நின்றாள் ஒரு தாய். நீதிமன்றம் நல்லதங்காள் கதையை நினைவுகூர்ந்தது. நீடித்த தூண்டுதலும் தூண்டுதலே என்றது. கணவன்மாருக்காகத் தீட்டிய கருவி, முதன்முறையாக அடிபட்டவள் பக்கம் திரும்பிற்று.

ஆனால் 2023-இன் சட்டத்திலும் 'கடுமையான, திடீரென்ற' என்னும் பழைய சொற்களே நிற்கின்றன. 'நீடித்த' என்ற சொல் இல்லை. நல்லதங்காளுக்குத் தீர்ப்பில் இடம் கிடைத்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சட்டத்தில் இன்னும் கிடைக்கவில்லை.