கேரட் வெடிக்கக் கூடாது

காய் நறுக்கும் கத்தி வாங்கப் போகிறவர்கள் கடையில் செய்யும் முதல் காரியம், விளிம்பில் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்ப்பது. "நல்ல ஷார்ப்" என்று தலையாட்டிவிட்டு பில் போடச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கூர்மை ஆலை தந்தது. தினமும் சமைக்கிற வீட்டில் அது சில வாரம் தாங்கினாலே பெரிய விஷயம். அதற்கப்புறம் கையில் மிஞ்சுவது தகட்டின் கனமும் வடிவமும் எஃகின் குணமும் பிடியும்தான். கூர்மையை எப்போது வேண்டுமானாலும் தீட்டிக்கொள்ளலாம், மெலிவை வாங்கும்போதே பார்த்து எடுக்க வேண்டும். ஆகவே கத்தி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மெலிவை.

ஏன் என்பதை ஒரு கேரட் சொல்லிவிடும். தடித்த கத்தியை அதில் இறக்கினால் பாதி வழியில் 'டக்' என்று சத்தம் வரும். அலகு அடிவரை போகவில்லை. அதன் இரண்டு கன்னங்களும் ஆப்பாக இறங்கிக் கேரட்டைப் பிளந்துவிட்டன. துண்டைத் திருப்பிப் பாருங்கள், மேல்பாதி வழவழவென்றும் கீழ்ப்பாதி சொரசொரவென்றும் இருக்கும். விளிம்பு எத்தனை கூராக இருந்தாலும் தடித்த கன்னம் இந்த வெடிப்பை உண்டாக்கியே தீரும். மெல்லிய கத்தியில் கேட்பது பலகையில் அலகு தொடும் ஓசை மட்டும். பீட்ரூட்டும் சேனைக்கிழங்கும் இதே தீர்ப்பைத்தான் சொல்லும்.

காய்க்கென்றே மெலிந்த கத்தி என்றால் ஜப்பானியரின் நகிரியைச் சொல்ல வேண்டும். செவ்வக அலகு, சுமார் 165 மில்லிமீட்டர் நீளம், குத்துகிற முனை கிடையாது. முதுகுத் தடிமன் 2 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். அங்கிருந்து விளிம்பு நோக்கிச் சீராக மெலிந்துகொண்டே வரும். விளிம்பு ஏறக்குறைய நேர்கோடு என்பதால் முழு நீளமும் ஒரே நேரத்தில் பலகையைத் தொடுகிறது. பீன்ஸையோ வெங்காயத்தாளையோ நறுக்கினால் துண்டுகள் தோலோடு ஒட்டிக்கொண்டு தொங்குவதில்லை. வளைந்த விளிம்புள்ள மேற்கத்திய ஷெஃப் கத்தியை முனையை ஊன்றி முன்னும் பின்னும் ஆட்டி வெட்டுவார்கள். நகிரியை முன்னால் தள்ளியபடியே கீழே இறக்க வேண்டும்.

இந்தத் தள்ளலில்தான் நுட்பம் இருக்கிறது. நேராக அழுத்துவதைவிட, நகர்த்திக்கொண்டே அழுத்தினால் வெட்டுக்கு மிகக் குறைந்த பலம் போதும். அரிவாள்மணையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே அலகு நிற்கும், காய் வழுக்கிக்கொண்டு போகும். மேடைச் சமையலறைக்கு மாறியபோது நம்மில் பலர் அந்த நகர்த்தலை விட்டுவிட்டுக் கத்தியால் காயை அமுக்கத் தொடங்கினோம். நகிரியைப் பிடித்தால் அந்தப் பழைய கை திரும்பி வந்துவிடுகிறது.

நகிரிக்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் உசுபா. தொழில்முறை சமையல்காரர்களின் கத்தி. ஒரு பக்கம் மட்டுமே சரிவு, மறுபக்கம் மிக லேசான குழிவு. டோக்கியோ பக்கத்து உசுபாவின் முனை சதுரம், ஒசாக்கா பக்கத்து உசுபாவின் முனை வளைந்தது. வெள்ளை முள்ளங்கியைச் சுற்றிச் சுற்றிச் சீவி, இடையில் அறுபடாத ஒரே நீளத் தாளாக எடுக்கும் 'கட்சுராமுகி' இந்தக் கத்தியின் அரங்கேற்றம். புதிதாகச் சேர்ந்த சீடர்களுக்கு அதுதான் அன்றாடப் பயிற்சி. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் வீட்டுக்கு வேண்டாம். ஒருபக்கச் சரிவு காயைப் பக்கவாட்டில் இழுக்கும், தீட்டுவதற்கும் தனித் தேர்ச்சி வேண்டும். இரு பக்கமும் சரிவுள்ள நகிரியே குடும்பத்துக்கு ஏற்றது.

உசுபா போன்ற கத்திகளுக்குப் பேர்போன ஊர் ஒசாக்காவை அடுத்த சகாய். போர்ச்சுகீசியர் காலத்தில் ஜப்பானுக்குப் புகையிலை வந்தபோது, அதைப் பொடிப்பொடியாகச் சீவும் கத்திகளைச் செய்து பெயர் வாங்கிய ஊர். அடிப்பவர், தீட்டுபவர், பிடி பொருத்துபவர் எல்லோரும் அங்கே தனித்தனிப் பட்டறைக்காரர்கள். ஒரு கத்தி அவர்கள் கை மாறி மாறித்தான் கடைக்கு வரும். 1982-இல் ஜப்பான் அரசு இந்தக் கத்தித் தொழிலை மரபுக் கைவினையாக அறிவித்தது. தீட்டுவதை ஒரு முழு ஆயுளின் தொழிலாக ஒதுக்கிவைத்ததைக் கவனியுங்கள். அடிப்பவர் எஃகுக்கு உறுதி தருகிறார், அதை மெலிய வைப்பவர் தீட்டுபவர்தான்.

மெலிவைத் தாங்க எஃகு கடினமாக இருக்க வேண்டும். ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகளில் பரவலாக இருப்பது அரை சதவிகிதம் கரியும் 15 சதவிகிதம் குரோமியமும் கலந்த துருப்பிடிக்காத எஃகு. கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை இருக்கும். கீழே போட்டாலும் கோபித்துக்கொள்ளாது, ஆனால் விளிம்பு சீக்கிரம் மடங்கும். ஜப்பானியக் கத்திகள் 60-ஐத் தாண்டும். கூர் நெடுநாள் நிற்கும், முரட்டுத்தனம் செய்தால் பல் பல்லாக உதிரும். அதனால் தேங்காய்ச் சில்லை நெம்பவும், எலும்பு தட்டவும், உறைந்த பொட்டலத்தைக் கிழிக்கவும் அதைத் தொடக்கூடாது. அதற்கெல்லாம் வீட்டில் ஒரு பழைய கத்தி இருக்கட்டும்.

கரி எஃகின் ரசிகர்கள் வெள்ளைத்தாள், நீலத்தாள் என்ற இரண்டு ஜப்பானிய வகைகளைச் சொல்லி உருகுவார்கள். ஆலையில் சுற்றிவரும் தாளின் நிறத்தால் வந்த பெயர்கள் அவை. வெள்ளையில் இரும்பும் கரியும் தவிர வேறு கலப்பு மிகக் குறைவு, தீட்டினால் உடனே வழிக்கு வரும். நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்வதால் கூர் இன்னும் நிற்கும். இரண்டுமே துருப்பிடிக்கும். நம் சமையலில் இன்னொரு சங்கடமும் உண்டு. வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் ஆகியவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்ததும் கருத்துப்போகும். மோர்த் தண்ணீரில் போட்டாலும் அந்தக் கறை முழுதாகப் போகாது. எனவே தமிழ்ச் சமையலறைக்கு என் தேர்வு, கடினமான துருப்பிடிக்காத எஃகில் செய்த நகிரி. அலகில் அலையலையாக ஓடும் டமாஸ்கஸ் கோலத்துக்கு மயங்க வேண்டாம். வெட்டுவது நடுவிலிருக்கும் ஒற்றை எஃகு. கோலம் போர்வைக்கு மட்டும்.

மெலிவு விலையில் இல்லை என்பதற்கு தாய்லாந்தின் கிவி கத்தி சாட்சி. தகட்டில் வெட்டியெடுத்த சாதாரணக் கத்தி, எஃகும் மென்மையானதுதான். ஆனாலும் அதன் மெல்லிய அலகு, பல மடங்கு விலையுள்ள தடித்த கத்திகளைக் கேரட்டில் தோற்கடிக்கும். அடிக்கடி தீட்ட வேண்டும், அவ்வளவுதான் அதன் குறை.

கூர் இருக்கிறதா என்று பார்க்க விரலை நம்ப வேண்டாம். விளிம்பை விளக்குக்கு நேரே நிமிர்த்திப் பிடியுங்கள். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. வெள்ளைக் கோடாக மின்னும் இடமெல்லாம் மழுங்கிய இடம். சமைக்கும்போது இன்னொரு அறிகுறி உண்டு. தக்காளி நறுக்கியதும் பலகை குளமானால் கத்தி காயை நசுக்குகிறது என்று பொருள். வெங்காயத்துக்குக் கண்ணீர் விடுவதும் இதனால் கூடும். செல்கள் நசுங்கும்போது நொதிகள் கலந்து அந்த எரிச்சல் வாயு பிறக்கிறது. அதை உண்டாக்கும் தனி நொதியை 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். கூரான அலகு குறைவாக நசுக்கும், கண்ணும் குறைவாகக் கலங்கும்.

தெருவில் வரும் சாணைச் சக்கரம் அருவாளுக்குச் சரி. பொறி பறக்கும் அந்தச் சூட்டில் மெல்லிய விளிம்பு நீலம் பூத்தால் எஃகின் பதம் போயிற்று. தண்ணீரில் ஊறவைக்கும் 1000 எண் தீட்டுக்கல் ஒன்று போதும். ஐந்து சென்டிமீட்டர் அகல அலகின் முதுகைச் சுண்டுவிரல் நுனியளவு தூக்கிப் பிடித்தால் கோணம் ஏறக்குறைய 15 டிகிரி வரும். மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்படும்வரை தேய்த்துவிட்டுத் திருப்புங்கள். வருஷக்கணக்கில் தீட்டும்போது விளிம்பு மேலேறித் தடித்த பகுதிக்குள் போய்விடும். அப்போது கன்னத்தையும் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்து மெலியவைக்க வேண்டும். இல்லையென்றால் கூரான கத்தியே கேரட்டை வெடிக்கவைக்கத் தொடங்கும். கண்ணாடிப் பலகையும் கிரானைட் மேடையும் ஒரே நாளில் எல்லா உழைப்பையும் வீணாக்கும். மரப்பலகைதான் வேண்டும்.

பட்ஜெட் சிறியதென்றால் குழம்ப வேண்டியதில்லை. விலை குறைந்த மெல்லிய கத்தி ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் நல்ல கல்லாக வாங்குங்கள். தீட்டத் தெரிந்த வீட்டில் சாதாரணக் கத்தியும் பல வருஷம் சுகமாக வெட்டும். தீட்டத் தெரியாத வீட்டில் சகாய்க் கத்தியும் அடுத்த தீபாவளிக்குள் மழுங்கிவிடும்.