வேடிக்கை பார்க்க ஆளில்லாத சண்டை

வில்லியம் வைலரின் 'தி பிக் கண்ட்ரி' (1958) படத்தில் டெரில், ஹன்னஸி என்று இரண்டு பண்ணைக் குடும்பங்கள். ஜூலி என்ற பெண்ணின் 'பிக் மடி' நிலத்தில் ஓடும் தண்ணீர் யாருடைய மாடுகளுக்கு என்பதுதான் தகராறு. கிழக்கிலிருந்து வரும் கப்பல் கேப்டன் மெக்கே (கிரிகரி பெக்), கூட்டம் கூப்பிட்டால் முரட்டுக் குதிரையில் ஏற மாட்டான். பிறகு வேலையாள் ரமோன் மட்டும் பார்க்க, விழுந்து விழுந்து எழுந்து அதை அடக்குவான். போர்மேன் லீச்சோடு (சார்ல்டன் ஹெஸ்டன்) போடும் சண்டையும் அப்படித்தான்: இருட்டில், ஆளில்லாத வெளியில். கேமரா ரொம்ப தூரத்துல நிக்குது. ரெண்டு பேரும் எறும்பு மாதிரி தெரியறாங்க. வீரம் பாதி கூட்டத்துக்காகத்தான் என்று வசனமே இல்லாமல் சொல்லிவிடுகிறார் வைலர்.

என் குறை முடிவில். நிலத்தை வாங்கி இரு தரப்புக்கும் தண்ணீர் தருகிறேன் என்கிறான் மெக்கே. அது நடக்குமா என்று தெரியும் முன்பே, இரண்டு பெரிசுகளும் பிளாங்கோ கேன்யனில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு செத்துவிடுகிறார்கள். ரூபஸ் ஹன்னஸியாக வரும் பர்ல் ஐவ்ஸ் (இதற்காக ஆஸ்கர் வாங்கினார்) பேசுவதைக் கேட்டால், இந்த ஆளோடு உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று தோன்றும். பகையாளிகள் செத்தால் பகை தீரும், சரி. உயிரோடு இருந்தால்? அந்தக் கஷ்டமான கேள்வியிலிருந்து படம் நழுவிவிடுகிறது.