கீழ்ப்படியில் ஒரு செட்டியார்

நவராத்திரி நெருங்கிவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியின் நடைபாதை முழுக்கப் பொம்மைக் கடைகள்தான். தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட் எல்லாவற்றுக்கும் நடுவே செட்டியாரும் ஆச்சியும் தொந்தி சரிய உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக் கொலுவில் அவர்கள் முன் அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பிக் கடை வைப்போம். மேல்படியில் கலசமும் தெய்வங்களும் இருக்க, கீழ்ப்படியில் சிரிப்புக்கும் இடம் விட்டிருப்பது கொலுவின் பெரும் பலம். பக்திக்கு முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்ற தெளிவு அதில் இருக்கிறது.

ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இதற்கு வேறொரு பொம்மை மரபைப் பார்க்கலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி மக்கள் காட்டன்வுட் மரத்தின் வேரில் கச்சினா என்னும் ஆவிகளின் பொம்மைகளைச் செதுக்குகிறார்கள். சடங்கு நாட்களில் அவை சிறுமிகளுக்குத் தரப்படும். சடங்குக் கோமாளிகளையும் அப்படிச் செதுக்குவதுண்டு: உடலெங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை, தலையில் இரண்டு கொம்பு. நிஜக் கோமாளிகள் ஆட்டக்களத்தில் அளவின்றித் தின்பார்கள், சண்டை போடுவார்கள், வரம்பு மீறுவார்கள். கடைசியில் அதற்கான தண்டனையையும் வாங்குவார்கள். ஊர் தன் பேராசையைத்தான் அங்கே பார்த்துச் சிரிக்கிறது. நம் தெருக்கூத்தின் கோமாளியான கட்டியங்காரனும் துரியோதனனைக் கிண்டலடிப்பான். எதிரே உட்கார்ந்திருப்பவர்களையும் விடமாட்டான்.

கொலுச் செட்டியாருக்கு அந்த உரிமையை நாம் தரவில்லை. கொலு வைத்த வீட்டை அவர் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஒரு வணிகச் சாதியின் தொந்தி மட்டும் ஆண்டுதோறும் நகைப்புக்கு உள்ளாகிறது. கொசப்பேட்டையிலும் பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் மண் பிசைந்து இவற்றை உருவாக்கியவர்களின் பெயர் நம் கூடத்தில் ஒலிப்பதே இல்லை. சுண்டலோடு பேசப்படுவது வாங்கிய கடையும் கொடுத்த விலையும்தான்.

மரப்பாச்சி மட்டும் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. செம்மரத்தில் செதுக்கிய அந்த ஆண் பெண் ஜோடியைத் தாய் தன் மகளின் கல்யாணத்தில் சீராகக் கொடுப்பாள். குழந்தைகள் அதற்குப் புடவை சுற்றி, பொட்டு வைத்துப் பழகுவார்கள். பரிசுப் போட்டிக்காக அடுக்கப்படும் தீம் கொலுவிலோ குழந்தைக்குக் கிடைப்பது “தொடாதே” என்ற அதட்டல். கைபடாத பொம்மையிடம் குழந்தை எதைக் கற்கும்?

கொசப்பேட்டைக் கைவினைஞர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒரு புது ஜோடி: விளையாட வந்த பேத்தியை விலக்கிவிட்டுக் கொலுவைக் கைபேசியில் படமெடுக்கும் பாட்டி, பக்கத்தில், வீட்டுக்கு வந்தவர்களிடம் பொம்மை விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும் தாத்தா. செட்டியார் கடைக்குப் பக்கத்திலேயே அவர்களை உட்காரவைக்கலாம்.