இருபது பாடல்களும் ஒரு கேசட்டும்

2008 ஆகஸ்ட். பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பொறியியல் கல்லூரி விடுதியின் நெட்வொர்க்கில் யாரோ ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தார்கள். பெயர் ‘சாங்ஸ் ஃபார் திபெத்’. ஸ்டிங் இருக்கார், மோபி இருக்கார், இமோஜன் ஹீப் இருக்காங்க. வேறெதையும் யோசிக்காமல் காப்பி பண்ணிக்கொண்டேன். ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்ததே 2012 கடைசியில்தான். ஆக, திபெத்துக்காக நிதி திரட்டிய ஆல்பத்தைப் பத்துப் பைசா கொடுக்காமல் கேட்டவன் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் அதை விமர்சிக்க முடியும்.

ஆர்ட் ஆஃப் பீஸ் ஃபவுண்டேஷன் தயாரித்த ஆல்பம் அது. ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுக்கு மூன்று நாள் முன்னால், ஆகஸ்ட் 5 அன்று, ஐடியூன்ஸில் வந்தது. அந்த மார்ச்சில்தான் லாசாவில் போராட்டம் வெடித்து, கடுமையாக ஒடுக்கப்பட்டிருந்தது. உலகமே பெய்ஜிங்கைப் பார்க்கும் நேரத்தில் திபெத்தின் பெயரையும் காதில் விழ வைப்பது என்பது நல்ல உத்தி. ஒலிம்பிக்ஸ் வீரர்கள் சிலரும் அதைத் தரவிறக்கினார்கள் என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் சீனாவில் ஐடியூன்ஸ் கடையே திறக்கவில்லை என்று செய்தி வந்தது. ஒரு பாப் தொகுப்புக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

ஆனால் இத்தனை வருடம் கழித்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு வரிசையாகக் கேட்டபோது வேறொன்று உறுத்தியது. இருபது பாடல்கள். இருபது பெயர்களில் ஒரு திபெத்தியப் பாடகர்கூட இல்லை. ஸ்டிங்கின் ‘செண்ட் யுவர் லவ்’ 2003இல் வந்த பாட்டு. மோபியின் ‘வி ஆர் ஆல் மேட் ஆஃப் ஸ்டார்ஸ்’ 2002. இமோஜன் ஹீப்பின் ‘ஹைட் அண்ட் சீக்’ 2005. நல்ல பாடல்கள்தான். ஆனால் அவற்றில் திபெத் எங்கே இருக்கிறது? அட்டையில் இருக்கிறது. அட்டையை மாற்றி வேறொரு நாட்டின் பெயரைப் போட்டிருந்தாலும் உள்ளே ஒரு ஸ்வரமும் மாறியிருக்காது. விதிவிலக்காக எனக்குப் பட்டது ரஷ் குழுவின் ‘ஹோப்’. அலெக்ஸ் லைஃப்சன் தனியாக கிட்டார் வாசிக்கிறார், சொற்களே கிடையாது. யாருடைய வலியையும் தன் வாயால் சொல்ல முயலாததால்தானோ என்னவோ, அது மட்டும் இன்னும் நிற்கிறது.

‘திபெத்தியப் பாடகர் யாரும் அப்போ கிடைக்கலை’ என்றும் சொல்ல முடியாது. லாசாவில் பிறந்து 1989இல் இமயமலையைக் கடந்து வந்த யுங்சென் ல்ஹாமோ, 2008க்குள் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனத்தில் ஆல்பங்களே வெளியிட்டிருந்தார். அவர் பெயரைப் போட்டால் விற்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நானே ஸ்டிங்குக்காகத்தானே அந்த ஃபோல்டரைத் திறந்தேன். ஆனால் ஸ்டிங்குக்காக வந்தவன் பதினோராவது பாட்டாக யுங்சென் ல்ஹாமோவைக் கேட்டிருப்பானே! கூட்டம் கூட்டுவதற்குப் பிரபலங்கள் வேண்டும், சரி. கூடிய கூட்டத்துக்கு எதைக் கேட்கக் கொடுக்கிறோம் என்பதில்தான் அந்த ஆல்பம் தவறியது.

இதை வேறு மாதிரி செய்தவர்கள் முன்பே இருந்தார்கள். பீஸ்டி பாய்ஸ் 1994இல் ‘இல் கம்யூனிகேஷன்’ ஆல்பத்தின் இரண்டு பாடல்களில் திபெத்தியத் துறவிகளின் மந்திர ஓதலை சாம்பிள் செய்திருந்தார்கள். ஹிப் ஹாப்பில் சாம்பிள் எடுப்பது அன்றாட வேலை. ஆனால் குழுவின் ஆடம் யாக் அதைக் கடனாகப் பார்த்தார். அந்தப் பாடல்களின் ராயல்டியைத் திபெத்தியர்களுக்காகச் செலவிட மிலரேபா ஃபண்ட் தொடங்கப்பட்டது. 1996 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இரண்டு நாள், சுமார் ஒரு லட்சம் பேர் கூடிய திபெத்திய சுதந்திர இசைவிழா அதிலிருந்து வளர்ந்ததுதான். முதலில் ‘உன் குரலை நான் எடுத்தேன், அதற்கு இது கூலி’ என்ற கணக்கு. உதவி, விழா எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னும் பின்னால் போனால் ஒரு கேசட் இருக்கிறது. 1993இல் லாசாவின் த்ராப்சி சிறையில் 14 பிக்குணிகள் ரகசியமாக உள்ளே வந்த ஒரு டேப் ரெக்கார்டரில் பாடல்களைப் பதிவு செய்தார்கள். தங்கள் பெயரையும் சொன்னார்கள். கேசட் வெளியே போய்ச் சேர்ந்தது. விஷயம் தெரிந்ததும் 14 பேரின் தண்டனையும் நீட்டிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான நவாங் சங்ட்ரோல் முதன்முதலில் கைதானபோது வயது 13. இந்தப் பாடல்களுக்காக அவருக்கு மேலும் 6 வருடம் விழுந்தது. விடுதலையானது 2002இல்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைப்பது அநியாயம்தான், தெரியும். ஸ்டிங்கை யாரும் சிறைக்குப் போகச் சொல்லவில்லை. சொல்ல வருவது சின்ன விஷயம். திபெத்தியர்கள் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களிடம் பாட்டு இருந்தது, பாடியதற்கு விலையும் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது ஒலிபெருக்கி. இருபது பிரபலங்களின் கையில் அது இருந்தது. அதில் தங்கள் பழைய பாட்டையே பாடிவிட்டு இறங்கிவிட்டார்கள்.

நன்கொடை ஆல்பம் எதைக் கேட்டாலும் இப்போது பாடல் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறேன். யாருக்காகவோ அவர்கள் அதில் இருக்கிறார்களா என்று. 2008இல் அந்த ஃபோல்டரைத் திறந்த பையன் இருபது பாட்டையும் மனப்பாடமாகப் பாடுவான். ஒரு திபெத்தியப் பாடகரின் பெயரைச் சொல்லுடா என்று கேட்டிருந்தால் முழித்திருப்பான். நவாங் சங்ட்ரோல் என்ற பெயரை அவன் தெரிந்துகொள்ள இன்னும் பல வருடம் ஆனது. அதுவும் அந்த ஆல்பத்தின் மூலமாக இல்லை.