இசைவும் ஏவலும்

'ஒப்புக்கொள்க' என்பது வியங்கோள். 'ஒப்புக்கொள், அன்றேல் வெளியேறு' என்பதோ ஏவல். வாட்ஸ்அப் எனும் புலனத்தை நடத்துவோர் 2021 சனவரியில் விடுத்த தனியுரிமை அறிவிப்பில் சொற்கள் பணிவுடையன, பொருள் கட்டளை. பிப்ரவரி 8ஆம் நாளுக்குள் இசையாதார் அச்சேவையைப் பயன்படுத்த இயலாது என்பதே அதன் சாரம்.

நாம் அனுப்பும் செய்தியை நிறுவனத்தார் படிக்கவியலாதபடி 2016 முதல் முழுமையாகப் பூட்டியுள்ளனர். இதனை மறைத்துரைத்தல் நேர்மையன்று. ஆயினும் கடிதத்தைப் பிரியாதவனும் உறைமேல் உள்ளவற்றைக் குறித்துக்கொள்ளலாம் அல்லவா? தொலைபேசி எண், கருவியின் விவரம் போன்றவை அன்று முகநூல் எனும் பெயர் கொண்டிருந்த தாய் நிறுவனத்துக்குச் செல்ல இடமுண்டு.

முன்கதையும் உண்டு. 2014இல் முகநூல் புலனத்தை வாங்கியபோது, இரு சேவைகளின் கணக்குகளையும் தானியங்கியாக நம்பத்தக்க முறையில் இணைத்தல் இயலாதென ஐரோப்பிய ஆணையத்திடம் கூறிற்று. 2016இல் அவ்விணைப்புக்கே வழிவகுத்தது. தவறான தகவல் தந்தமைக்காக 2017இல் ஆணையம் 110 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. 2016இல் விளம்பரத்திற்கான பகிர்வை மறுக்கப் பழைய பயனர்க்கு 30 நாள் தவணையேனும் இருந்தது. 2021 அறிவிப்பில் அதுவும் இல்லை.

நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் வீட்டுப்பாடம் முதல் விடுமுறை அறிவிப்புவரை புலனக் குழுவில்தான் வருகின்றன. மறுக்கும் பெற்றோருக்கு அவை எட்டா. அந்நிலையில் அவர் தொடும் பொத்தானுக்கு 'இசைவு' என்னும் பெயர் பொருந்துமா?

எதிர்ப்பு வலுத்தபின் கெடு மே 15க்கு நீண்டது. இசையாதார் கணக்கு நீக்கப்படாதென்றும் பின்னர் அறிவித்தனர். அறிவிப்பின் வாசகம் மட்டும் பெரிதும் மாறவில்லை.