கிரனாடாவின் இரு இரவுகள்

1922ஆம் ஆண்டு யூன் 13ஆம், 14ஆம் திகதிகளில், தென் ஸ்பானியாவின் கிரனாடா நகரிலே, அல்ஹம்பிரா அரண்மனை வளாகத்தின் திறந்த முற்றமொன்றில் ஒரு பாட்டுப் போட்டி நடைபெற்றது. அந்தலூசிய மக்களின் பழம் பாடல் முறையாகிய 'கந்தே ஹோந்தோ', அதாவது ஆழ்பாட்டு, அழியாது காத்தலே அதன் நோக்கம். கலை வரலாறு எழுதுவோர் இந்நிகழ்ச்சியை மக்கட்கலையின் மறுமலர்ச்சி எனப் போற்றுவர். அப்போற்றுதலில் உண்மையுண்டு, முழு உண்மையும் அதுவன்று என்பதே எமது கருத்து.

இசைமேதை மனுவேல் டி ஃபாயாவும், அன்று 24 வயதே நிரம்பிய கவிஞன் பெதெரிக்கோ கார்சியா லோர்காவும் இதற்கு முன்னின்றனர். ஓவியர் சுலோவாகா துணைநின்றார். அவர்கள் செய்தது சிறு காரியமன்று. ஜிப்சிகளின் கூச்சல், மதுக்கடைப் பாட்டு என்று கற்றோர் பலர் இகழ்ந்த ஒன்றை அவர்கள் அரண்மனை முற்றத்தில் ஏற்றிவைத்தனர். பிரெஞ்சு இசையறிஞர் தெபுசி போன்றோரும் இதற்குக் கடன்பட்டவரே என ஃபாயா எடுத்துக்காட்டினார்.

அவ்விரவுகளில் பாட்டு மட்டுமன்றி ஆடலும் கித்தார் இசையும் இடம்பெற்றன. இரண்டாம் இரவு மழை பெய்தும் நிகழ்ச்சி நிற்கவில்லை. பரிசு பெற்றோருள் இருவரை நாம் மறத்தற்கில்லை. ஒருவர் தெனாசாஸ் எனப்பட்ட முதியவர். பல காத தூரம் கால்நடையாகவே வந்தாரென்று இன்றும் சொல்லப்படுகிறது. மற்றவன் பின்னாளில் கரகோல் என்னும் பெயரால் உலகறிந்த மனோலோ ஒர்த்தேகா. அன்று அவன் 12 வயதுச் சிறுவன்.

இனி, நாம் வினாவெழுப்ப வேண்டிய இடத்துக்கு வருவோம். பாடலைத் தொழிலாகக் கொண்டோர் இப்போட்டியிற் பங்குபற்றலாகாது என்பது விதி. 21 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும் விலக்கு இருந்தது. பாட்டுக்குக் கூலி பெறுபவன் அதனைக் கெடுத்துவிடுகிறான், வயலிலும் கொல்லுலையிலும் பாடுபவனிடமே தூய்மை உண்டு என்பது அவர்களது கொள்கை. இது புதிய கருத்துமன்று. பாட்டு கபேக்களில் விலைப்படுவதால் அது மடியும் என்று 1881இலேயே மச்சாதோ இ அல்வாரெஸ் தமது தொகுப்பிற் கவலைப்பட்டிருந்தார்.

ஆயின் அந்தக் கபேயில் இரவிரவாகப் பாடியவன் யார்? நிலமுமின்றி, வேறு தொழிலுமின்றி, குரல் ஒன்றையே உடைமையாகக் கொண்ட ஏழை. பெரும்பாலும் ஜிப்சி. சந்தையின் தீமைக்கு அதில் உழைத்தவனையே குற்றவாளியாக்குதல் எந்த நியாயம்? முரண்பாடு இன்னும் வேடிக்கையானது. நடுவர் குழுவின் தலைவராக வீற்றிருந்த அந்தோனியோ சாக்கோன் கபேக்களிற் பாடிப் புகழீட்டியவரே! தொழிற் கலைஞனின் செவி தீர்ப்புக்கு வேண்டும். அவன் வயிறு மட்டும் வேண்டாம்.

இப்பாட்டின் மூலங்களைத் தேடிய ஃபாயா, பைசாந்தியத் திருச்சபை இசையையும், அராபியர் வருகையையும், ஜிப்சிகளின் குடியேற்றத்தையும் சுட்டினார். ஆராய்ச்சி ஆழமானதே. ஆயினும் அந்தலூசியாவின் பெருநிலங்கள் சில குடும்பங்களின் கைகளிற் கிடந்தமையை விட்டுவிட்டு இப்பாட்டின் துயரத்தை விளக்கல் இயலாது. 1918 முதல் 1920 வரை அங்கே நிலமற்ற கூலியாளர் வேலைநிறுத்தஞ் செய்து கிளர்ந்தனர். அக்கிளர்ச்சி ஓய்ந்து இரண்டு ஆண்டுகளின் பின்னரே இப்போட்டி. 'மர்த்தினெத்தே' கொல்லுலைப் பாட்டு. கித்தார் இன்றிச் சம்மட்டியின் தாளத்தில் எழுவது. 'கர்செலேரா' சிறைப் பாட்டு. இவற்றைக் கேட்பதற்குப் பழங்கால உடையணிந்து பெண்கள் வந்தமர்ந்த காட்சியை எண்ணும்போது எமக்குச் சிறிது கூச்சமே உண்டாகிறது.

லோர்கா அந்த முற்றத்தோடு நின்றுவிடவில்லை. குடியரசுக் காலத்தில் 'லா பராக்கா' என்னும் மாணவர் நாடகக் குழுவோடு ஊரூராகச் சென்றான். 1936 ஓகஸ்டில் பிராங்கோவின் பக்கத்தார் கிரனாடாவுக்கு அண்மையில் அவனைச் சுட்டுக் கொன்றனர். ஃபாயா 1939இல் ஆர்ஜென்ரீனாவுக்குச் சென்று, 1946இல் அங்கேயே இறந்தார். அதே பிராங்கோவின் ஆட்சி பின்னர் இந்த ஆடலையும் பாடலையும் உல்லாசப் பயணிகளுக்குக் கடைவிரித்தது.

தூய்மையின் பேரால் பரிசு பெற்ற சிறுவன் கரகோலோ, தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பிழைத்த குடும்பத்திற் பிறந்தவன். வயது அவனுக்கு வாயிலைத் திறந்தது. வளர்ந்தபின் நாடக மேடைகளிற் பாடினான். 1963இல் மத்ரித்தில் தன் சொந்த ஆடலரங்கையே திறந்தான். அங்கு ஜிப்சிக் கலைஞர் இரவுதோறும் பாடினர், ஆடினர், கூலியும் பெற்றனர்.