போர்வையின் முதுகுப்பக்கம்

ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் மேல்பக்கத்தை விரித்துக் காட்டுவார்கள். நான் உடனே திருப்பிப் பார்ப்பேன். எனக்கு உயிர் அடித்துணிதான். கடைக்குப் போய் ஒரு மீட்டர்கூட வாங்காமல், வீட்டில் கிடக்கிற வேட்டி, சேலை, ரவிக்கைத் துணி எல்லாவற்றையும் சேர்த்து அடித்துணி தைத்து முடிக்கிறபோது வருகிற சந்தோஷம் வேறு எந்தத் தையலிலும் எனக்கு வந்ததில்லை. ராத்திரி முழுக்க உடம்பில் படுவது அந்தப் பக்கம். கன்னத்தை உரசுவதும் அதுதான். அதற்குப் பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பதமாகிப்போன பருத்தியைவிட எந்தப் புதுத்துணி ஈடாகும்? கஞ்சி விறைப்பு இருக்காது, சுருங்க வேண்டியது எப்போதோ சுருங்கியிருக்கும், கைத்தையல் ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

அளவைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். நம் துணிகளை இதற்காகவே நெய்தார்களோ என்று தோன்றும்! கல்யாணத்துக்கு எடுத்த எட்டு முழ வேட்டி எத்தனை வீட்டு பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது! நீளம் சுமார் 3.6 மீட்டர், அகலம் 1.25. குறுக்கே இரண்டாக வெட்டி, அகலத்தோடு அகலமாகச் சேர்த்தால் 1.8க்கு 2.5 மீட்டர். ஒற்றைக் கட்டில் போர்வைக்குத் தாராளம். நாலு பக்கமும் நாலு விரல் கூடுதலாக விட வேண்டும், தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும் அல்லவா, அதற்கும் இதிலேயே இடமிருக்கிறது. ஒட்டுகிற ஓரத்தில் விறைப்பாக ஓடும் கடைசி நூல்வரிசையை மட்டும் கத்தரித்துவிட்டு அரை அங்குலம் பிடித்துத் தைத்தால், இரண்டு கரையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். எவ்வளவு அழகு தெரியுமா! மிச்சத்தை ஒரே பக்கத்தில் வெட்டிவிடுங்கள். தையல் நட்டநடுவில் விழாது. நடுவில்தானே எப்போதும் மடிக்கிறோம், அந்த இடத்தில் தையல் இருந்தால் சீக்கிரம் நைந்துவிடும். ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையையும் இப்படியே பாதியாக வெட்டிச் சேர்த்தால் இரட்டைக் கட்டிலுக்கே ஆகும்.

சேலையில் எந்த இடம் நல்ல இடம் என்று கண்டுபிடிக்க ஜன்னலுக்கு நேராக விரித்துப் பிடித்தால் போதும். நைந்த இடத்தில் வெளிச்சம் சல்லடையாக ஒழுகும். கால் பக்கத்து ஓரமும் இடுப்பில் செருகுகிற இடமும் முதலில் போயிருக்கும். முந்தானைக்கு எதிர்முனை, உள்ளே முதல் சுற்றில் மறைந்தே இருந்த பகுதி, பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, நூல் விலகாமல் நின்றால் அதை எடுத்துக்கொள்ளலாம். சாயம் போகுமா என்ற சந்தேகத்துக்கு ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு தேய்.

ரவிக்கைத் துணிகளுக்கு வருகிறேன். கொலுவுக்கும் வளைகாப்புக்கும் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை, தைக்கவும் மனசில்லாமல், அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடவும் மறந்து, பீரோவின் அடித்தட்டில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடித்துணி ஒரு சாண் குறைகிறதா? நீளவாக்கில் அதை இரண்டாகப் பிளந்து, நடுவைவிட்டுச் சற்றுத் தள்ளி, ரவிக்கைத் துணிகளைப் பட்டையாக இணைத்துப் புகுத்திவிடுங்கள். குறை இருந்த இடத்தில் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் அரக்குமாக ஓர் ஆறு ஓடும்! பருத்திதானா என்று பார்க்க ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள்: சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருகி மணியாக உருண்டால் ஒதுக்கிவிடுங்கள்.

நான் இருக்கிற திருவண்ணாமலையில் இந்த வேலைக்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து சேர்ந்த பையன் வேங்கடராமன், அய்யங்குளத்தருகே தன் வேட்டியைக் கிழித்து ஒரு துண்டைக் கோவணமாக்கிக்கொண்டான். பிற்காலத்தில் உலகம் ரமண மகரிஷி என்று வணங்கியது அவரைத்தான். மலைமேல் இருந்த காலத்தில் அவருடைய கோவணமும் கிழிந்தது. அவர் யாரிடமும் ஊசி நூல் கேட்கவில்லை. ஒரு முள்ளால் இன்னொரு முள்ளில் காது குத்தி ஊசியாக்கினார், அதே துணியிலிருந்து நூலை உருவிக் கோத்துத் தைத்துக்கொண்டார். பின்னால் அவருடைய அடியவரான புலவர் முருகனார் இதைப் பாட்டிலேயே பாடிவிட்டார். ஒவ்வொரு தடவை ஊசியில் நூல் கோக்கும்போதும் எனக்கு அந்த முள் ஞாபகம் வரும். துணிக்குள்ளேயே நூலைக் கண்ட கண்ணல்லவா அது!

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையைப் பற்றி அறிந்தபோது துள்ளிக் குதித்தேன். அவர்கள் தொடங்குவதே அடித்துணியில். பழைய சேலையை விரித்து, ஒரு மூலையிலிருந்து ஓரத்தோடு ஓரமாகத் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூ வைக்காமல் முடிப்பதில்லை. நாம் கடைசியில் தேடுகிற துணி அவர்களுக்கு முதல் துணி. அதற்குப் பிறகு நானும் அடித்துணியைத்தான் முதலில் முடிக்கிறேன், மேல்பக்கத்து நிறங்களை அதுவே சொல்லிவிடுகிறது.

எங்கள் ஊர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் கார்த்திகை மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். 2,668 அடி மலை உச்சியில், காடாத்துணித் திரியும் நெய்யுமாகத் தீபம் எரிகிற இரவுகளில் மொட்டைமாடியில் பனி இறங்கும். பஞ்சு வைத்த கனத்த ரஜாய் வேண்டாம். உள்ளே இரண்டு அடுக்குப் பழைய சேலை, மேலும் கீழும் நம் ஒட்டுத்துணி, அவ்வளவே போதும், இதமாக இருக்கும். காடா மிச்சம் இருந்தால் அதுவும் அடித்துணிக்கு அருமையான துணி. வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியும் சுருக்கமும் போன பிறகுதான் வெட்ட வேண்டும்.

இந்தத் தீபத்துக்கு அத்தைக்கு ஒன்று தைக்கிறேன். துணியை அவரே எடுத்துக் கொடுத்தார்: மாமாவின் வேட்டி, பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த சேலை, கல்யாணமான புதிதில் வாங்கிய மதுரைச் சுங்குடி. “மேலே என்ன வேணா போட்டுக்கடி. சுங்குடி மட்டும் என் மேலே படுற மாதிரி வையி” என்றார். அப்படியே வைக்கிறேன். நல்ல பகுதியை மட்டும் எடுத்ததில் அகலம் ஒரு சாண் குறைகிறது. அந்த இடத்துக்கு அத்தையின் பீரோவிலிருந்தே ஒரு கத்திரிப்பூ ரவிக்கைத் துணி கிடைத்திருக்கிறது, மடிப்பில் குங்குமக் கறையோடு.